படுக்கையை நனைக்கும் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படுக்கை நனைவது இரவில். ஆனால் அதைச் சரிசெய்யும் வேலையில் பாதிக்கு மேல் நடப்பது பகலில்தான். பிள்ளை எப்போது தண்ணீர் குடிக்கிறது, எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறது, மலம் ஒழுங்காகப் போகிறதா என்பதெல்லாம் இரவைத் தீர்மானிக்கிறது. நடுராத்திரியில் எழுந்து எழுந்து சோர்ந்துபோன பெற்றோருக்கு இதை நம்புவது சிரமம். அதனால் அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பையனுக்கு 6 வயது ஆகிறது. வாரத்தில் நாலைந்து நாள் படுக்கை நனைகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். 5 வயதுப் பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். 10 வயதில் அது 5 பேர் அளவுக்கு இறங்குகிறது. பதின்வயது முடிவதற்குள் ஒருவர், இருவர் என்று ஆகிவிடுகிறது. எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களிலும் ஆண்டுதோறும் 100க்கு 15 பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

5 வயதுக்கு முன்னால் இதை ஒரு பிரச்சினையாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பகலில் டயாபர் விட்டாயிற்று, இனி இரவும் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. பகல் கட்டுப்பாடு பழக்கத்தால் வருவது. இரவுக் கட்டுப்பாடு உடல் முதிர்ச்சியால் வருவது. இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு வருடம் ஆவது சகஜம்.

தானாகப் போய்விடும் என்பது உண்மைதான். அதற்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையே அதை நினைத்து வருத்தப்பட்டால் 6, 7 வயதிலேயே முயற்சியைத் தொடங்கிவிடலாம்.

எதனால் இப்படி ஆகிறது?

மூன்று காரணங்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் இவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, இரவில் சிறுநீர் அதிகமாகச் சுரப்பது. மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன், சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் செய்கிறது. இரவில் அது கூடுதலாகச் சுரப்பதால்தான் பெரியவர்கள் ஏழெட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது. சில பிள்ளைகளிடம் இந்த இரவுநேர ஏற்றம் இன்னும் வந்திருக்காது. காலையில் மெத்தை முழுக்க நனைந்து கிடந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, சிறுநீர்ப்பை கொஞ்சம்தான் கொள்வது, அல்லது நிறையும் முன்பே சுருங்கிவிடுவது. பிள்ளையின் வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால், அந்த வயதில் பை எத்தனை மில்லிலிட்டர் கொள்ள வேண்டும் என்ற தோராயக் கணக்கு கிடைக்கும். 7 வயதுக்கு 240 மில்லி. பகலிலும் அடிக்கடி ஓடுகிற, கடைசி நேரத்தில் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவதுதான் முக்கியம். பை நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போகிறது, ஆனால் மூளை விழித்துக்கொள்வதில்லை. முதல் இரண்டும் இருந்தாலும், விழிப்பு வந்துவிட்டால் பிள்ளை எழுந்து கழிப்பறைக்குப் போய்விடும், படுக்கை நனையாது.

வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினான், ஒரு தடவைகூட நனைக்கவில்லையே?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்கும்போது குரலில் ஒரு காயம் இருக்கும், பிள்ளை தன்னை ஏமாற்றுகிறது என்பதுபோல. அப்படி இல்லை. புது இடத்தில் தூக்கம் லேசாக இருக்கும். நனைத்துவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டால் இன்னும் லேசாகும். வீட்டுக்கு வந்து தன் படுக்கையில் நிம்மதியாகப் படுத்ததும் ஆழ்ந்த தூக்கம் திரும்பிவிடும், கூடவே நனைவதும்.

தூங்குகிற பிள்ளைக்குச் சோம்பேறித்தனம் கிடையாது, அடம் கிடையாது. அடித்தாலோ, ஈரத்துணியோடு உட்கார வைத்தாலோ, மற்றவர்கள் முன்னால் சொல்லிக் காட்டினாலோ சிறுநீர்ப்பைக்குக் காது கேட்கப்போவதில்லை. பிள்ளைக்குத்தான் கேட்கும். அது என்ன கற்றுக்கொள்ளும் தெரியுமா? ஈரத்துணியைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். நனைந்ததை மறைக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சையும் செய்ய முடியாது. ஆகவே தண்டனையை இன்றே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இது பரம்பரையாக வருமா?

வரும், மிகவும் உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. தாய் தந்தை இருவருக்கும் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 77. ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் 44. இருவருக்குமே இல்லையென்றால் 15.

உங்களுக்கு இருந்திருந்தால் பிள்ளையிடம் சொல்லுங்கள். "அப்பாவும் எட்டு வயசு வரைக்கும் இப்படித்தான், அப்புறம் நின்றுபோச்சு" என்று அப்பா வாயால் கேட்பதைப்போல ஒரு ஆறுதல் அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கும் கிடைக்காது. இரண்டு தலைமுறையாகப் பேசாமலே மறைத்த குடும்பங்களில், தன் ஒருவனுக்குத்தான் இப்படி என்று பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சில அறிகுறிகளுக்கு அன்றைக்கே போக வேண்டும். இத்தனை நாள் நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்குகிறது, கூடவே தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது, உடம்பு இளைக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இதில் தாமதம் உயிருக்கே ஆபத்து.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பகலிலும் சொட்டிக்கொண்டே இருப்பது, முக்கி முக்கிக் கழிப்பது, மெல்லிய தாரையாக வருவது, நடையில் மாற்றம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ தெரிவது ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பிலோ சிறுநீர்ப் பாதையிலோ கோளாறு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

பிள்ளை தினமும் சத்தமாகக் குறட்டை விடுகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் ஒரு இரவு கவனியுங்கள். தொண்டையில் உள்ள டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும் வீங்கி மூச்சு அடைபடும் பிள்ளைகளில் பலர் படுக்கையை நனைக்கிறார்கள். அந்த அடைப்பைச் சரிசெய்ததும் இதுவும் நின்றுபோவது உண்டு.

டாக்டர் என்னென்ன பரிசோதனை செய்வார்? ஸ்கேன் எல்லாம் எடுக்க வேண்டுமா?

இரவில் மட்டும் நனைக்கும், மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைக்கு ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தருவார். மற்ற நேரமெல்லாம் கேள்விகள்தான்.

அந்தக் கேள்விகளுக்குக் கையில் ஒரு நோட்டோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு வாரத்துக்கு இரவுகளைக் குறியுங்கள்: நனைந்ததா, எத்தனை மணிவாக்கில், கொஞ்சமா நிறையவா. மலம் போன நாட்களையும் குறியுங்கள். பள்ளி விடுமுறையாக இரண்டு நாள் பார்த்து, பிள்ளை குடிப்பதையும் கழிப்பதையும் அளவுக்கோப்பையில் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். இரவு டயாபர் போடுவதாக இருந்தால், காலையில் அதை எடை போட்டு, காய்ந்த டயாபரின் எடையைக் கழித்தால் இரவுச் சிறுநீரின் அளவு கிடைத்துவிடும், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. இந்த ஒரு பக்கக் குறிப்பிலிருந்தே, பை சின்னதா, சுரப்பு அதிகமா என்று மருத்துவர் ஊகித்துவிடுவார். எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதும் அதை வைத்துத்தான்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? என் மகள் தினமும் போகத்தானே செய்கிறாள்?

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மலம் தேங்கிக் குடல் புடைத்தால் அது பையை அழுத்தும். பை கொள்ளளவு குறையும், நேரம்கெட்ட நேரத்தில் சுருங்கும். வேறு எந்த மருந்தும் இல்லாமல் மலச்சிக்கலைத் தீர்த்ததிலேயே இரவு நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு. மலச்சிக்கலை விட்டுவிட்டு அலாரம், மாத்திரை என்று போனால் அவையும் சரியாக வேலை செய்யாது.

தினமும் போகிறாள் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தினமும் கொஞ்சம் போய்விட்டு மிச்சத்தை உள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. எப்படிப் போகிறது என்று பாருங்கள். புழுக்கை புழுக்கையாகவோ, கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகவோ இருந்தால் சிக்கல்தான். ஜட்டியில் அடிக்கடி கறை படிவதும், வயிற்றுவலி வந்து மலம் கழித்ததும் போய்விடுவதும் அதற்கு அடையாளம்.

சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள், அவசரப்படுத்தாமல். கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரம். காய், பழம், பயறு, தண்ணீர் கூட வேண்டும். நாள்பட்ட சிக்கலுக்கு உணவு மட்டும் போதாது. மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் தருவார், அதை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு மறுபடி மறுபடி வருகிறது.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் இருந்தால் நின்றுவிடாதா?

இதைச் செய்யாத வீடே இல்லை. ஆனால் இதனால் நின்ற பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் அவசரத்தில் அரை டம்ளர். பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. பள்ளிக் கழிப்பறை பிடிக்காது என்பதால் குடிக்காமலே இருந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தாகம் தாங்காமல் கடகடவென்று குடிக்கிறது, இரவுச் சாப்பாட்டிலும் குடிக்கிறது. நாள் முழுக்க வர வேண்டிய தண்ணீர் எல்லாம் கடைசி நாலு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. இரவில் அது எங்கே போகும்?

அதனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.4 லிட்டர் வரை, 9 முதல் 13 வயதுக்கு 1.2 லிட்டரிலிருந்து 2.3 லிட்டர் வரை எல்லாப் பானமும் சேர்த்துத் தேவை. வெயிலிலும் விளையாட்டிலும் இன்னும் கூடும். அதில் பெரும்பகுதி மாலைக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அப்படிக் குடித்த பிள்ளை ராத்திரி தானாகவே குறைவாகக் குடிக்கும். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வழக்கமான பானங்களை நிறுத்திக்கொண்டு, தாகம் என்றால் இரண்டு வாய் கொடுங்கள். தாகத்தோடு தூங்கச் சொல்லக் கூடாது. டீ, காபி, கோலா மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அவற்றில் உள்ள காஃபின் சிறுநீரை அதிகமாக்கும், பையையும் உசுப்பும்.

குடிப்பது ஒழுங்கானால் கழிப்பதும் ஒழுங்காக வேண்டும். எழுந்தவுடன், பள்ளியில் இரண்டு முறை, வீடு திரும்பியதும், விளையாடி முடித்ததும், தூங்கப் போகும்போது என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. படுக்கப்போகும் முன் ஒரு முறை போய்விட்டு, பல் விளக்கி, கதை கேட்டுவிட்டு, விளக்கை அணைப்பதற்கு முன் இன்னொரு முறை போகச் சொல்லுங்கள். பள்ளியில் கேட்டவுடன் அனுப்ப வேண்டும் என்று ஆசிரியரிடம் நீங்களே நேரில் பேசிவிடுவது நல்லது.

பகலில் அடக்கிப் பழகினால் பை பெரிதாகாதா?

அப்படி அடக்கிப் பழகுவதால் இரவில் நனைவது நிற்காது. அடக்குவதால் மலச்சிக்கலும் கிருமித்தொற்றும்தான் கூடும்.

நடுராத்திரியில் எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகலாமா?

அன்றைக்கு மெத்தை காய்ந்திருக்கும். அந்த லாபம் உண்டு. விருந்தாளி வந்திருக்கிற நாளில், பயணத்தில், துணி காயாத மழை நாளில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இதனால் பிள்ளை தானாக எழக் கற்றுக்கொள்வதில்லை. தோளில் தூக்கிப்போய்த் தூக்கத்திலேயே கழிக்க வைக்கும்போது, தூக்கத்தில் கழிப்பது என்ற அதே பழக்கத்துக்குத்தான் நாம் இடம் மாற்றிக் கொடுக்கிறோம். எழுப்புவதாக இருந்தால் நன்றாக விழிக்க வைத்து, சொந்தக் காலில் நடக்க வைத்துக் கூட்டிப்போங்கள்.

இரவில் டயாபர் போட்டால் பழக்கம் விடாமல் போய்விடுமா?

அப்படிக் கவலைப்பட வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுவதும் பிள்ளைக்கு முக்கியம், உங்களுக்கும் முக்கியம். ஏற்கனவே சில இரவுகள் காய்ந்திருக்கும் பிள்ளைக்கு, இரண்டு வாரம் டயாபர் இல்லாமல் விட்டுப் பாருங்கள். நனைவது கூடினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பெரிய பிள்ளை என்றால் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நனைக்காத நாளுக்குப் பரிசு கொடுக்கிறேன். பலன் இல்லையே?

தூக்கத்தில் நடப்பதற்குப் பரிசு கொடுத்தால், கிடைக்காத நாளில் அதுவே தண்டனையாகிவிடும். பிள்ளையின் கையில் இருக்கிற விஷயத்துக்குக் கொடுங்கள். பள்ளி பாட்டிலைக் காலி செய்தது, படுக்கும் முன் இரண்டு முறை போனது, காலையில் ஈரத்துணியைத் தானே கூடையில் போட்டது, அலாரம் அடித்ததும் எழுந்தது. இவற்றுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கள். காய்ந்த இரவுக்கு ஒரு சிரிப்பு போதும்.

படுக்கை அலாரம் என்கிறார்களே, அது என்ன? பலன் கிடைக்குமா?

இருக்கிற வழிகளில் நிரந்தரமான பலன் அதிகமாகத் தருவது இதுதான் என்பது என் எண்ணம். கூடவே, பெற்றோரின் தூக்கத்தை அதிகமாகக் கெடுப்பதும் இதுதான்.

இதன் தொடக்கம் சுவாரசியமானது. 1904இல் பாவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், வார்டில் எந்தப் படுக்கை நனைந்தது என்று செவிலியருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஈரம் பட்டால் மணி அடிக்கும் ஏற்பாடு ஒன்றை வைத்தார். மணி அடித்த படுக்கைகளில் இருந்த பிள்ளைகள் கொஞ்ச நாளில் நனைப்பதையே விட்டுவிட்டதைக் கவனித்தார். 1938இல் மவ்ரர் என்ற உளவியலாளர் தம்பதி அதையே ஒரு சிகிச்சை முறையாக எழுதினார்கள். இன்றைய கருவி ஒரு சின்ன உணரி. ஜட்டியில் மாட்டிவிட்டால், சில சொட்டு ஈரம் பட்டதும் தோளில் உள்ள பெட்டி அலறும் அல்லது அதிரும்.

முதல் சில வாரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அலாரம் அடிக்கும், வீடே எழுந்துவிடும், பிள்ளை மட்டும் எழாது. அதனால் ஒரு பெரியவர் அதே அறையில் படுக்க வேண்டும். அடித்ததும் தோளைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுப்பி உட்கார வையுங்கள். முகத்தில் ஈரக்கையால் துடைக்கலாம். அலாரத்தை நீங்கள் அணைக்காதீர்கள், பிள்ளையே தன் கையால் அணைக்க வேண்டும். அப்புறம் நடந்து கழிப்பறைக்குப் போய் மிச்சத்தைக் கழித்துவிட்டு, காய்ந்த ஜட்டி மாற்றி, உணரியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கண் திறந்திருப்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். மாலையில் இரண்டு பேரும் ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அதைச் சரியாகச் சொன்னால்தான் உண்மையில் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மாதத்துக்குள் சின்ன மாற்றங்கள் தெரியவேண்டும். ஈரம் மெத்தை அளவிலிருந்து கையகலத்துக்குச் சுருங்கும். அலாரம் இன்னும் பின்னிரவில் அடிக்கும். ஒரே இரவில் இரண்டு முறை அடித்தது ஒன்றாகும். இவையெல்லாம் முன்னேற்றம்தான், நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து 14 இரவு காயும் வரை தினமும் மாட்ட வேண்டும். மொத்தம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒழுங்காகத் தொடர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படுக்கை காய்கிறது. பிறகு மறுபடி தொடங்கினால், மறுபடி அலாரம்தான். இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பெற்றோர் இரவு வேலைக்குப் போகிறார்கள், கோபம் ஏற்கனவே எல்லை மீறிவிட்டது என்றால் இப்போது அலாரம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நனைக்கும் பிள்ளைக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. நனைந்தால்தானே அது கற்றுக்கொடுக்க முடியும்.

மாத்திரை உண்டா? பக்க விளைவு இருக்குமா?

டெஸ்மோபிரெசின் என்ற மருந்து உண்டு. முன்பு சொன்ன வாசோபிரெசின் ஹார்மோனின் வேலையை இது செய்கிறது. இரவில் அதிகம் சுரக்கும் வகைப் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும், அதுவும் சில நாட்களிலேயே. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். ஆகையால் பள்ளிச் சுற்றுலா போன்ற நாட்களுக்கு மட்டும் சிலர் பயன்படுத்துகிறார்கள். தினமும் எடுப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் நிறுத்தி, இன்னும் தேவையா என்று மருத்துவர் பார்ப்பார்.

ஒரே ஒரு விதியை இதில் மீறவே கூடாது. மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்ட பிறகு 8 மணி நேரம் வரை ஓரிரு மடக்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மருந்து தண்ணீரை உடம்பிலேயே பிடித்து வைப்பதால், மேலும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ள நாளில் கொடுக்காதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வடிவத்தை இந்தப் பிரச்சினைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இலேயே அறிவித்தது, இதே சோடியம் ஆபத்தால்தான்.

பழைய மருந்தான இமிப்ரமின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டியது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டியது.

மூலிகை, அக்குபங்சர், ஹிப்னாடிசம்?

நம்பிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் எதற்கும் சேரவில்லை. காசையும் மாதங்களையும் அங்கே செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் நன்றாக இருந்தாள். இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறது. ஏன்?

ஆறு மாதமாவது தொடர்ந்து காய்ந்திருந்துவிட்டுத் திரும்ப வருவதைத் தனி வகையாகப் பார்க்க வேண்டும். முதலில் உடம்பு: நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல். இவை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவள் நாட்களில் என்ன மாறியது என்று பாருங்கள். புதுப்பாப்பா வந்ததா, வீடு மாறினீர்களா, பெற்றோருக்குள் சண்டையா, நெருங்கியவர் இறந்தாரா, பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால், அது சில சமயம் முதலில் படுக்கையில்தான் வெளிப்படும். நனைக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படி என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒதுங்குவது, தனியாக இருக்கப் பயப்படுவது, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்வது இவையும் சேர்ந்திருந்தால், விசாரணை மாதிரிக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னதை நம்புங்கள்.

தினமும் மெத்தை, துணி, நாற்றம். எப்படிச் சமாளிப்பது?

மெத்தைக்கு நீர்புகாத உறை முதலில். அதன் மேல் விரிப்பு, அந்த விரிப்பின் மேல் இன்னொரு நீர்புகாத விரிப்பு, அதற்கு மேல் மறுபடி ஒரு விரிப்பு என்று இரண்டடுக்காகப் போடுங்கள். நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவிப் போட்டுவிட்டு அரைத்தூக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம். மாற்றுத் துணி கட்டிலுக்கு அருகிலேயே இருக்கட்டும், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டுக்குப் பயந்து எழாமல் படுத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நனைந்த துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுத் துவைத்தால் நாற்றம் தங்காது. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புங்கள். வகுப்பில் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்த ஆண்டு முழுக்க அதுவே பெயராகிவிடும். அண்ணன் தம்பிகள் கேலி செய்தால் அங்கேயே நிறுத்துங்கள், சிரித்து விட்டுவிடாதீர்கள்.

பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா. அனுப்பலாமா?

அனுப்புங்கள். கூட வரும் ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள், அப்படிச் சொல்லப்போவதைப் பிள்ளையிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. இரவு டயாபரைத் தூங்கும் பைக்குள்ளேயே வைத்து மாட்டிக்கொள்ளவும் கழற்றவும் வீட்டில் பழக்குங்கள். இறுக்கிக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை, கருநிறக் கால்சட்டை ஒன்று. டெஸ்மோபிரெசின் கொடுப்பதாக இருந்தால் சுற்றுலாவுக்கு ஓரிரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். எந்த அளவு கேட்கிறது என்று தெரியும், இரவில் குடிக்கக் கூடாது என்ற விதியும் பழகிவிடும்.

மகனுக்கு 14 வயது. இன்னும் நிற்கவில்லை. இனிமேல் நிற்காதா?

பெரும்பாலும் நிற்கும். ஆனால் இந்த வயதில் காத்திருக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பதின்வயது வரை வந்தது பெரும்பாலும் அழுத்தமான வகை, பல இரவுகள் நனைவது, பகல் அறிகுறிகளும் சேர்ந்திருப்பது. முன்பு அலாரம் வைத்துப் பாதியில் விட்டிருந்தாலும், மாத்திரை கேட்காமல் போயிருந்தாலும், இப்போது புதிதாக முதலிலிருந்து பார்க்க வேண்டும். குழந்தைகளின் சிறுநீரகம் அல்லது சிறுநீர்ப் பாதை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அலாரமும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது, பை சுருங்குவதைத் தணிக்கும் மருந்தைச் சேர்ப்பது, கவனக்குறைவுக் கோளாறு இருந்தால் அதையும் கவனிப்பது என்று அவர்களிடம் இன்னும் வழிகள் இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது அவனையே பேச விடுங்கள். கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருந்தாலும் நல்லதுதான். பகலில் நனைவது, இரவில் ஃபோன் பார்த்துக்கொண்டு ஒரு மணிக்குத் தூங்குவது, நண்பன் வீட்டுக்கு வரமுடியாது என்று பொய்க் காரணம் சொல்வது, இதையெல்லாம் அம்மா அப்பா முன்னால் அவன் சொல்ல மாட்டான். துணியைத் துவைக்கும் வேலையை அவன் கேட்டால் கொடுத்துவிடுங்கள், யாரும் கேள்வி கேட்காமல்.